கைண்ட் ஆஃப் ப்ளூ (ஜாஸ் இசைத்தொகுப்பு)

கைண்ட் ஆஃப் ப்ளூ, அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் (1926–1991) தம் குழுவினருடன் பதிவுசெய்து 1959-ஆம் ஆண்டு வெளியிட்ட ஜாஸ் இசைத்தொகுப்பு. இதில் ஐந்து உருப்படிகள் உள்ளன. மொத்தம் ஏறத்தாழ 45 நிமிடங்கள் ஒலிக்கும். ஜாஸ் வரலாற்றில் மிக அதிகமாக விற்ற தொகுப்புகளுள் ஒன்றான இது, ஜாஸ் கேட்கத் தொடங்குவோருக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவதும் ஆகும். எளிமையாக ஒலித்தாலும் இது எளிய இசை அன்று. இதன் அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டு கேட்டால், பிற ஜாஸ் பதிவுகளைக் கேட்கவும் அதுவே வழிகாட்டும்.

பின்னணி

1940-களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி முதலியோர் பீபாப் என்னும் விரைவான ஜாஸ் பாணியை உருவாக்கினர். டேவிஸ் இளமையில் பார்க்கரின் குழுவில் வாசித்தவர். பீபாப்பில் கார்டு எனப்படும் சுரக் கூட்டுகள் அடுத்தடுத்து மாறிக்கொண்டே இருக்கும். கலைஞர் ஒவ்வொரு கார்டுக்கும் பொருந்தும் சுரங்களை அந்த நொடியிலேயே தேர்ந்து வாசிக்க வேண்டும். திறமைக்கு இது பெரிய சோதனை. ஆனால் பழகாத காதுக்கு இவ்விசை நிற்காமல் ஓடுவதாகத் தோன்றும்.

1950-களின் இறுதியில் டேவிஸ் இதற்கு மாற்றைத் தேடினார். கார்டுகளைக் குறைத்து, ஒரே சுரவரிசையில் நீண்ட நேரம் நின்று கற்பனையை விரிக்க இடம் கொடுத்தார். ஜார்ஜ் ரசல் என்னும் இசையறிஞரின் கோட்பாடுகள் இதற்குத் துணைநின்றன. இம்முறை மோடல் ஜாஸ் எனப்படுகிறது. 1958-இல் வெளிவந்த மைல்ஸ்டோன்ஸ் தொகுப்பின் தலைப்பு உருப்படியில் டேவிஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். கைண்ட் ஆஃப் ப்ளூவில் அது முழுமை பெற்றது.

கலைஞர்கள்

டேவிஸுடன் டெனர் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸபோனில் ‘கேனன்பால்’ ஆடர்லி, பியானோவில் பில் எவான்ஸ், டபுள் பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப் ஆகியோர் வாசித்தனர். இரண்டாவது உருப்படியில் மட்டும் விண்டன் கெல்லி பியானோ வாசித்தார். கத்ரி கோபால்நாத் கர்நாடக இசை வாசித்ததும் ஆல்டோ சாக்ஸபோனில்தான். அவருடைய வாசிப்பைக் கேட்டவர்களுக்கு ஆடர்லியின் கருவி ஒலி முற்றிலும் புதியதாக இராது.

பதிவு

நியூயார்க் நகரில், முன்பு தேவாலயமாக இருந்து கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய முப்பதாம் தெருக் கட்டடத்தில், 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில் பதிவு நடந்தது. டேவிஸ் முழுமையாக எழுதிய இசைத்தாள்களைக் கொண்டுவரவில்லை. எந்தச் சுரவரிசை, எவ்வளவு நேரம் என்னும் குறிப்புகளையே கொடுத்தார் என்று தொகுப்பின் உறையில் எழுதிய கட்டுரையில் பில் எவான்ஸ் கூறுகிறார்.

எல்லாம் முதல் முயற்சியிலேயே பதிவாகிவிட்டன என்று சொல்வது வழக்கம். இது முழு உண்மை அன்று. தொடங்கிப் பாதியில் நின்ற முயற்சிகள் பல உண்டு. ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ உருப்படியை முழுமையாக வாசித்த வேறொரு பதிவும் பிற்காலத்தில் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது முன்பே தீர்மானிக்கப்பட்டது, எது அந்நேரத்தில் பிறந்தது என்பது தெளிவாகும்.

மார்ச் மாதப் பதிவின்போது ஒலிநாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியது. எனவே இசைத்தட்டின் முதற்பக்கம் உண்மையான சுருதியைவிடச் சிறிது உயர்ந்து ஒலித்தது. 1990-களின் மறுபதிப்புகளில்தான் இப்பிழை திருத்தப்பட்டது.

‘சோ வாட்’: கேட்கும் முறை

முதல் உருப்படியான ‘சோ வாட்’ ஒன்பது நிமிடங்களுக்குச் சற்று மேல் நீள்கிறது. இதன் சுரவரிசைக்கு மேலையிசையில் டோரியன் என்று பெயர். சுரத்தானங்களை மட்டும் பார்த்தால் இது 22-ஆவது மேளமான கரகரப்பிரியாவுக்கு இணை. ஆனால் இதை ராகம் என்று கொள்ளக் கூடாது. ராகத்தை ராகமாக்கும் கமகமும் பிடிகளும் இதில் இல்லை.

தாளம் நான்கு அடிகள் கொண்ட 32 சுற்றுகள். ஆதி தாளமாக எண்ணினால் 16 ஆவர்த்தனங்கள். முதல் எட்டு ஆவர்த்தனங்கள் நம் கணக்கில் இரண்டு கட்டைச் சுருதியில் செல்கின்றன. அடுத்த நான்கில் ஆதார சுருதியே இரண்டரைக் கட்டைக்கு ஏறுகிறது. கடைசி நான்கில் மீண்டும் இரண்டு கட்டைக்கு இறங்குகிறது. உருப்படி முழுவதும் இந்தச் சட்டகமே திரும்பத் திரும்ப வருகிறது. ஆதார சுருதி மாறும் அந்த இடத்தைக் காது பிடித்துவிட்டால், கேட்பவர் வழிதவற மாட்டார்.

தொடக்கத்தில் பியானோவும் பாஸும் தாளக்கட்டின்றி மெல்லப் பேசுகின்றன. பின்னர் பாஸ் மெட்டை வாசிக்க, மற்றக் கருவிகள் இரண்டே சுரங்களில் பதில் சொல்கின்றன. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் ஜிம்மி காப்பின் சிம்பல் ஓங்கி ஒலிக்க, டேவிஸ் தனி வாசிப்பைத் தொடங்குகிறார். அடுத்துக் கோல்ட்ரேன், ஆடர்லி, எவான்ஸ் என முறை மாறுகிறது. இறுதியில் மெட்டு திரும்புகிறது. மெட்டு, தனி வாசிப்புகள், மீண்டும் மெட்டு என்பதே பெரும்பாலான ஜாஸ் உருப்படிகளின் அமைப்பு.

ஒரே சட்டகத்தில் நால்வர் நால்வகையாக நடந்துகொள்வதைக் கவனிப்பதே ஜாஸ் கேட்பதன் சாரம். டேவிஸ் குறைவான சுரங்களை வாசித்து இடையில் மௌனம் விடுகிறார். கோல்ட்ரேன் ஒரே எண்ணத்தைப் பல கோணங்களில் துருவுகிறார். ஆடர்லி உற்சாகமாகத் துள்ளுகிறார். எவான்ஸ் அடர்த்தியான சுரக் கூட்டுகளைச் சிதறவிடுகிறார். முதன்முறை ஒருவரை மட்டும் பின்தொடர்ந்து கேட்பது நன்று. மறுமுறை தனி வாசிப்பை விட்டுவிட்டுச் சேம்பர்ஸின் பாஸை மட்டும் கேட்கலாம்.

பிற உருப்படிகள்

‘ஃபிரெடி ஃபிரீலோடர்’ 12 சுற்றுகள் கொண்ட ப்ளூஸ் வடிவம். ‘ஆல் ப்ளூஸ்’ அதே வடிவத்தை ஆறு அடித் தாளத்தில் அசைந்தாடச் செய்கிறது. ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ ஐந்து சுரவரிசைகளை வரிசையாகக் கடக்கிறது. ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசிப்பவரின் விருப்பம்.

‘ப்ளூ இன் கிரீன்’ மெதுவான, துயரம் தோய்ந்த உருப்படி. இசைத்தட்டில் இதை இயற்றியவராக டேவிஸின் பெயர் இருந்தது. அதை இயற்றியவர் தாமே என்று எவான்ஸ் பின்னாளில் கூறினார். எவான்ஸின் பியானோ ஒலியை மனத்தில் கொண்டே டேவிஸ் இத்தொகுப்பைத் திட்டமிட்டிருந்தார். ஆகவே இந்தக் கேள்வி ஆய்வாளர்களிடையே இன்றும் பேசப்படுகிறது.

வெளியீடும் காலச்சூழலும்

தொகுப்பு 1959 ஆகஸ்ட் 17 அன்று வெளியானது. எட்டு நாள்கள் கழித்து, தாம் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் கிளப்பின் வாசலில் இடைவேளையில் நின்ற டேவிஸை, அங்கிருந்து போகும்படி ஒரு காவலர் சொன்னார். டேவிஸ் மறுத்தார். காவல்துறையினர் அவரைத் தலையில் அடித்துக் கைதுசெய்தனர். குற்றச்சாட்டுகள் பின்னர் தள்ளுபடியாயின. இந்த இசையின் அமைதியை, கறுப்பினக் கலைஞர்கள் நிம்மதியாக வாழ்ந்ததன் வெளிப்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளையரான எவான்ஸைத் தம் குழுவில் சேர்த்ததற்காகக் கறுப்பின மக்களில் சிலர் டேவிஸைக் குறைகூறினர். திறமை ஒன்றே தமக்கு அளவுகோல் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இத்தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கான விற்பனைச் சான்றைப் பெற்றுள்ளது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002-இல் பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. பங்கேற்ற கலைஞர்களில் கடைசியாக வாழ்ந்திருந்த ஜிம்மி காப் 2020-இல் காலமானார்.

அடுத்துக் கேட்க வேண்டியவை

1959-இல் பதிவான வேறு மூன்று தொகுப்புகள் ஜாஸ் இசையின் பரப்பைக் காட்டும். டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’டில் உள்ள ‘டேக் ஃபைவ்’ ஐந்து அடித் தாளத்தில் அமைந்தது. கண்டநடை பழகியவர்கள் உடனே கைத்தாளம் போட்டுவிடலாம். சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’ தேவாலயப் பாட்டின் ஆவேசமும் அரசியல் எள்ளலும் கலந்தது. அதில் வரும் ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’, கறுப்பின மாணவர்களைப் பள்ளியில் சேரவிடாமல் தடுத்த ஆர்கன்சா மாநில ஆளுநரைக் கேலிசெய்கிறது. ஆர்னெட் கோல்மனின் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ பியானோவையே நீக்கி, கார்டுகளின் பிடியிலிருந்து விலகிச் செல்கிறது. இம்மூன்றில் கடினமானது இதுவே என்பதால் கடைசியில் கேட்கலாம்.

கோல்ட்ரேனின் வாசிப்பால் ஈர்க்கப்பட்டவர்கள் அவருடைய ‘இம்ப்ரெஷன்ஸ்’ உருப்படிக்குச் செல்லலாம். அதன் சட்டகமும் ‘சோ வாட்’டின் சட்டகமே. அங்கும் ஆதார சுருதி அதே இடத்தில் ஏறி இறங்கும். அதை அடையாளம் கண்டுகொள்பவர் ஜாஸ் கேட்கப் பழகிவிட்டார் எனலாம்.