விதையும் பாரும்

தூத்துக்குடிக் கடலோரத்தில் 'பார்' என்றால் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி விளையும் இடம். சிப்பிக் குஞ்சு ஏறக்குறைய 3 வாரம் நீரோட்டத்தில் அலையும். தோதான பார் கிடைத்தால் நார் விட்டு ஒட்டிக்கொள்ளும், இல்லையேல் அழியும். சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, முன் பாரைச் சோதிக்கப் போனவர்களுக்கு இது பட்டறிவு: கடலெல்லாம் குஞ்சு மிதந்தாலும் எல்லாப் பாரிலும் சிப்பி விளையாது.

மார்பகப் புற்றுநோய் பரவுவதைப் பற்றி லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பாஜெட் 1889இல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். அந்நோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் புரட்டினார். கல்லீரலில் நோய் அடிக்கடி குடியேறியிருந்தது, மண்ணீரலில் அரிதாகவே. விதை எங்கும் போகலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார்.

அன்று அதைக் கேட்டவர் குறைவு. நோய் மார்பிலிருந்து படிப்படியாகப் படர்கிறது, அகலமாக வெட்டினால் முடிந்தது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் நம்பினார். மார்பு, நெஞ்சுத் தசை, அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாம் போயின. தூத்துக்குடியில் கடைசிச் சலாபங்கள் நடந்த 1955–61 காலத்தில், முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை காலூன்றிக்கொண்டிருந்தது. அன்றைய மருத்துவ உலகில் கத்திதான் முதல் நம்பிக்கை. அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வுகள் பிறகு கண்ணைத் திறந்தன: கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் மார்பு முழுவதையும் இழந்தவர்கள் அளவுக்கே வாழ்ந்தார்கள். கத்தி வருமுன்பே விதை கிளம்பியிருந்ததுண்டு.

சலாபம் நின்ற கடற்கரையில் 1973இல் முத்து வளர்ப்பு கைகூடியது. ஒரு சிப்பியின் மேலுறைத் துண்டை, சிறு மணியோடு இன்னொரு சிப்பிக்குள் வைத்தார்கள். அந்தச் செல்கள் பெருகி, மணியைச் சுற்றிப் பையாகி, முத்தை வார்த்தன. இடம் மாறினாலும் தன் தொழிலை மறக்காத செல்கள்.

பரவும் புற்றுச் செல் மறப்பதிலிருந்துதான் கிளம்புகிறது. டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகள் வந்து ஸ்நெயில், ட்விஸ்ட் புரதங்களை எழுப்புகின்றன. அண்டைச் செல்லோடு பசையாக ஒட்டவைக்கும் ஈ-கேடரின் குறைகிறது. அடுக்கில் நின்ற செல் ஊரத் தொடங்குகிறது. மைக்கேல் கிளார்க் குழு 2003இல், மார்பகப் புற்றுக் கட்டிகளிலிருந்து, புதுச் செல்களைத் தோற்றுவிக்கும் தண்டுச் செல் போன்ற ஒரு சிறு பிரிவைப் பிரித்தெடுத்தது. அதில் 100 செல்களே எலியில் கட்டியை உண்டாக்கின. மற்றவற்றில் பல்லாயிரம் செலுத்தியும் கட்டி வரவில்லை. 2008இல் செந்துறை மணி, ராபர்ட் வைன்பெர்க் முதலானோர் இரண்டையும் முடிச்சிட்டார்கள்: ஊரும் செல்லாக மாறும்போதே தண்டுச் செல்லின் குணமும் சேர்கிறது. பற்றுக்கோடு விட்டு மிதக்கும் புற்றுச் செல் சாகாமல் தப்ப ஏ.எம்.பி.கே. எனும் நொதி உதவுவதை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அன்னபூரணி ரங்கராஜன் குழு காட்டியது. சிப்பிக் குஞ்சின் 3 வாரப் பயணம் போல, அதுவும் ஒரு கண்டம் தாண்டும் காலம்.

தண்டுச் செல்லை மட்டும் குறிவைக்கும் மருந்து இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. ஆனால் சமிக்ஞையைப் படிக்கும் வேலை ஆய்வகத்தோடு நிற்கவுமில்லை. கடற்கரைப் பெண் ஒருத்தி மஞ்சள் பையில் கொண்டுபோகும் திசுச் சோதனை அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று 3 வரிகள் இருக்கும். இவை செல்லில் சமிக்ஞையைப் பெறும் ஏற்பிகள்; அவளுடைய கட்டி எந்தச் சமிக்ஞைக்குச் செவிகொடுக்கிறது என்பதே அவற்றின் பொருள். அன்று எவ்வளவு வெட்டுவது என்று கேட்டார்கள். இன்று முதலில் அந்த 3 வரிகளைப் படிக்கிறார்கள்.