பழைய காரும் எண்பலகையும்

பழைய காரைப் புதுப்பிப்பவர் அதற்குரிய எண்பலகையை எவ்வாறு தேர்வது? பிரிட்டனை எடுத்துக்கொள்வோம்.

அங்கே 1904 முதல் கார்களுக்குப் பதிவெண் கட்டாயமாயிற்று. நெடுங்காலம் கரும்பலகையில் வெண்ணிற அல்லது வெள்ளிநிற எழுத்துக்களே விளங்கின. இரவில் அவை தெளிவாகப் புலப்படா. ஆதலின், 1973 முதல் புதிதாகப் பதிவான கார்களுக்கு ஒளியை எதிரொளிக்கும் பலகை விதிக்கப்பட்டது. முன்புறம் வெண்மை, பின்புறம் மஞ்சள், எழுத்து கறுப்பு.

1980-க்கு முன் உருவாகி, வரலாற்று வண்டி என்னும் வகையில் பதிவுபெற்ற காருக்கு இன்றைய சட்டம் கரும்பலகையை அனுமதிக்கிறது. ஆனால் 1978-இல் பதிவான கார் அக்காலத்தில் கரும்பலகை அணிந்து ஓடியதன்று. சட்டத்தின் இசைவு வேறு. வரலாற்றின் உண்மை வேறு. ஆகவே முதலில் பதிவேட்டில் ஆண்டைப் பாருங்கள். அழகைப் பிறகு பார்க்கலாம்.