சும்மா இருக்க ஒரு விளையாட்டு

"ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காரடா கண்ணா!" என்று உங்கள் வீட்டு நாலு வயது வாண்டிடம் சொல்லிப் பாருங்கள். அரை நிமிஷத்தில் ஒரு கண் திறக்கும். அடுத்த அரை நிமிஷத்தில் ஆளே இருக்க மாட்டான்!

மனத்தை ஒன்றில் நிறுத்தும் பயிற்சி பள்ளிக்கூடங்களிலும் நுழைந்துவிட்டது. டில்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் நர்ஸரி முதல் எட்டாம் வகுப்பு வரை மகிழ்ச்சிப் பாடம் என்று ஆரம்பித்தபோது, இதற்கும் அதில் இடம் கொடுத்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் நாலு வயதுக்கும் பதினாலு வயதுக்கும் ஒரே அளவில் சட்டை தைப்போமா?

சின்னஞ் சிறுசுகளுக்கு வழி காட்டியவர் மரியா மாண்டிஸோரி அம்மையார். 1939-ல் நம் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினாரே, அவரேதான். 1907-ல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அங்கே ஒரு நாள் நாலு மாதக் கைக்குழந்தையோடு வகுப்புக்குள் நுழைந்தார். 'இந்தப் பாப்பா எத்தனை அமைதி! உங்களால் முடியுமா?' என்ற தோரணையில் வேடிக்கையாகப் பேசினார். அவ்வளவுதான், அத்தனை பேரும் மூச்சைக்கூட மெல்ல விட ஆரம்பித்தார்கள்! அதிலிருந்து பிறந்ததே மௌன விளையாட்டு. ஆசிரியை அடுத்த அறையிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட குழந்தை, நாற்காலி மேஜையில் இடிக்காமல், அடிமேல் அடி வைத்து வரவேண்டும். கடைசிப் பெயருக்காகக் காத்திருக்கும் குழந்தைக்குத்தான் எத்தனை பொறுமை வேண்டும்! பரிசாக மிட்டாய் நீட்டியபோது வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம்.

வீட்டிலும் இதை விளையாடலாம், செலவே இல்லை. மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் பொம்மையை வைத்து அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லலாம். எட்டு, ஒன்பது வயதானால் ஒரே ஓர் உலர்ந்த திராட்சையை முகர்ந்து, உருட்டி, மெதுவாகக் கடித்து ருசிக்கச் சொல்லுங்கள்.

பதின்மூன்று, பதினாலு? இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2022-ல் வெளிவந்தது. வகுப்பில் இப்பயிற்சி பெற்றவர்களுக்கும், வழக்கமான பாடம் படித்தவர்களுக்கும் மனநலத்தில் வித்தியாசம் காணோம்! பெரும்பாலோர் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை.

அந்த வயதில் கட்டளை செல்லுமா, சொல்லுங்கள்! உட்காருவதா, மொட்டை மாடியில் மெல்ல நடப்பதா என்று அவளே தீர்மானிக்கட்டும். கண்ணை மூடினால் பயமாயிருக்கிறது என்றால் திறந்தே வைத்திருக்கட்டும். நாள் கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, முகம் வாடிக் கிடக்கும் பெண்ணையோ, மூச்சைக் கவனி என்று உட்கார வைக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.