குடலைக் கட்டிப்போடும் உள்தழும்பு

வெளித்தழும்பு வெளுத்து, ஆபரேஷன் நடந்ததே மறந்துபோன பிறகு ஒருநாள் வயிறு முறுக்கிப் பிடிக்கும். உப்பும், பச்சையாக வாந்தி வரும், காற்றுகூடப் பிரியாது. மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "முன்னாடி வயித்துல ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?" சிறுகுடல் அடைப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று, பழைய அறுவை சிகிச்சை உள்ளே விட்டுப்போன தழும்புதான்.

வயிற்றின் உட்சுவரையும் குடலையும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. சுமார் 6 மீட்டர் சிறுகுடல் சிக்காமல் நெளிவது அதன் வழவழப்பால்தான். கத்தி பட்டாலும், உலர்ந்த துணி உரசினாலும், ரத்தம் தேங்கினாலும் அந்த இடத்தில் ஃபைப்ரின் என்ற பிசின் கசிந்து பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். வழக்கமாக மூன்று நாளுக்குள் உடலே அதைக் கரைத்துவிடும். ரத்த ஓட்டம் குறைந்த, கிருமி தொற்றிய இடத்தில் இந்த வேலை தடுமாறும். கரையாமல் மிஞ்சிய பிசினுக்குள் நார்கள் ஓடும், ரத்தக்குழாயும் நரம்பும்கூட முளைக்கும். பிறகு அது பிசின் இல்லை, கயிறு.

கிழிந்த பெரிட்டோனியத்தை இழுத்துத் தைத்து மூடாவிட்டால் குடல் ஒட்டிக்கொள்ளும் என்றே நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஹெரால்ட் எல்லிஸ் 1962-ல் இதைத் தலைகீழாக்கினார். திறந்தபடி விட்ட காயம் வழவழவென்று ஆறியது. இறுக்கித் தைத்த இடத்தில்தான், ரத்தம் கிடைக்காத திசு ரத்தம் தேடிப் பக்கத்துக் குடலைப் பிடித்துக்கொண்டது. தையலில் பெருமைப்படும் தொழிலுக்கு இது கசப்பான சேதி.

அதே எல்லிஸும் குழுவினரும் 1999-ல் லான்செட் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்தில் 1986-ல் வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்ட 29,790 பேரைப் பத்து வருடம் தொடர்ந்த ஆய்வு அது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சராசரியாக இரண்டு முறை மருத்துவமனைக்குத் திரும்பியிருந்தார். காரணம் இந்த ஒட்டல், அல்லது ஒட்டலால் சிக்கலாகக்கூடிய இன்னொரு ஆபரேஷன்.

அப்படியானால் தடுப்பு எங்கே? பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில்தான். மாப் துணியை சலைனில் நனைத்துப் பயன்படுத்துவது, குடலைத் தேவையில்லாமல் கையாளாதது, ரத்தக்கசிவை முழுக்க நிறுத்துவது என எல்லாமே சின்னச் சின்ன ஒழுக்கங்கள். கையுறை எளிதாக நுழையத் தூவிய சோளமாவுப் பவுடர்கூட ஒட்டலுக்குக் காரணமாகும் என்று தெரிந்து, அமெரிக்கா 2017-ல் பவுடர் கையுறையைத் தடைசெய்தது.

சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி உதவுகிறது. 72,270 பேரைப் பற்றிய இன்னொரு ஸ்காட்லாந்து ஆய்வு 2020-ல் வந்தது. ஒட்டலால் நேரடியாக மறுபடி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், திறந்த அறுவையில் 4.3 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 1.7. சிக்கலான கேஸ்கள் திறந்த அறுவைக்கே போகும் என்பதையும் மனதில் வைத்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

தடுப்புப் படலங்களும் உண்டு. ஹையலூரோனிக் அமிலமும் செல்லுலோஸும் கலந்த ஒரு தாள், வெயிலில் காய்ந்த அப்பளம்போல நொறுங்கும். ஈரக்கை பட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குடல்மேல் போட்டால் ஓரிரு நாளில் கூழாகி, காயம் ஆறும் ஒரு வாரம்வரை இரண்டு பரப்புகளையும் பிரித்துவைக்கும். ஆனால் விலை அதிகம். குடலை வெட்டி இணைத்த இடத்தைச் சுற்றிப் போர்த்தினால் கசிவு வரலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. எல்லா வயிற்றுக்கும் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆபரேஷன் முடிந்ததும் எழுந்து நடக்கச் சொல்வது குடல் இயங்கவும் காலில் ரத்தம் கட்டாமலிருக்கவும். முற்றிய கயிற்றை நடையோ எண்ணெய்த் தடவலோ கரைக்காது.

சிசேரியனும் வயிற்றைத் திறக்கும் அறுவைதான். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இரண்டாவது சிசேரியனில் மூத்திரப்பை கர்ப்பப்பையோடு ஒட்டியிருந்தால், அதைப் பிரிப்பதற்கே தனி நேரம் பிடிக்கும். முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால் மருத்துவர் முன்கூட்டியே தயாராவார்.

வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் வாந்தி வந்தால் பேதி மருந்து கொடுக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, டிரிப் ஏற்றிக் காத்திருந்தாலே பல அடைப்புகள் விடுபடும். குடல் அழுகும் அறிகுறி இல்லாதவரை மருத்துவர்கள் கத்தியை எடுக்கத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது: பழைய கயிற்றை அறுத்த இடத்திலும் பிசின் கசியும்.