வீட்டு கம்ப்யூட்டருக்கு எத்தனை காவல்காரர்? உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் எத்தனை ஆன்டிவைரஸ் இருக்கிறது? “ஒன்றுகூட வாங்கிப் போடவில்லையே” என்கிறீர்களா? வாங்கவே வேண்டாம், ஏற்கெனவே உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறது! 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘டிஃபெண்டர்’ கூடவே வருகிறது. விலை? 0 ரூபாய்!

திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். குட்டிக் கேடயம் ஒன்று தெரியும். (தெரியவில்லையா? அங்கே இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டுங்கள், ஒளிந்துகொண்டிருக்கும்.) அதன்மேல் பச்சை டிக் இருந்தால் காவல்காரர் விழித்திருக்கிறார்!

வெளியிலிருந்து இன்னொரு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் சண்டைக்கு நிற்காது. மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும்!

ஆனால் வெளியாட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் தொலைந்தது! ஒரே ஃபைலை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஒருவர் பிடித்து அடைத்த வைரஸைப் பார்த்து இன்னொருவர் கூச்சல் போடுவதும் உண்டு. எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஆசைப்பட்டு இரண்டைப் போட்டேன். சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய் காபி போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது!

காவல்காரர் தூங்குகிறாரா என்று சோதிக்க ஒரு போலி வைரஸே இருக்கிறது! பெயர் ஐகார். ஒரு தீங்கும் செய்யாது. அதன் எழுத்துகளை நோட்பேடில் ஒட்டிச் சேமித்தால் போதும், ஆன்டிவைரஸ் பாய்ந்து பிடித்துவிடும். மொத்த நீளம் வெறும் 68 எழுத்துகள்!

யாரோ அனுப்பிய ஃபைல்மேல் சந்தேகமா? வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள். சுமார் 70 ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் அலசிச் சொல்லும். அதுவும் இலவசம்! (சொந்த ஆவணங்களை மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.)

ஆன்டிவைரஸ் என்றால் அமெரிக்கச் சரக்குதான் என்று யார் சொன்னது? கே7 நம்ம சென்னைக்காரர்! குவிக் ஹீல் புனேக்காரர். அதைத் தொடங்கியவர் அதற்கு முன் கால்குலேட்டர் ரிப்பேர் பார்த்தவர்!

பி.சி.க்களைத் தாக்கிய முதல் வைரஸ் ‘பிரெய்ன்’. ஆண்டு 1986, ஊர் லாகூர். எழுதிய அண்ணன் தம்பி இருவரும் ஒளியவே இல்லை. வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள்!

பணம் பறிக்கும் வைரஸ் புதுசு என்று நினைக்கிறீர்களா? 1989-லேயே வந்தாச்சு, அதுவும் தபாலில்! எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி 20,000 ஃபிளாப்பிகள் அனுப்பப்பட்டன. சுமார் 90 முறை கம்ப்யூட்டரை ஆன் செய்யும்வரை சமர்த்தாக இருக்கும். அப்புறம் பூட்டு! திறக்க பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்ப வேண்டும்!

1992 மார்ச் 6. மைக்கலாஞ்சலோ பிறந்தநாளில் வெடிக்கும் வைரஸ்! 50 லட்சம் கம்ப்யூட்டர்கள்வரை காலி என்று பயமுறுத்தினார்கள். கடைசியில் சிக்கியவை சில ஆயிரங்களே. அந்தப் பீதியில் ஆன்டிவைரஸ் வியாபாரம்தான் அமோகம்!

2017 மே 12. வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் 150 நாடுகளை ஆட்டிவைத்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கான மருந்தை இலவச அப்டேட்டாக முன்பே கொடுத்திருந்தது. எத்தனை நாள் முன்பு? 59!

அதை நிறுத்தியவர் 22 வயது இங்கிலாந்து இளைஞர். செலவு? ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்ய சுமார் 10 டாலர்!

காவல்காரரே வீட்டைப் பூட்டிய கதையும் உண்டு! 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸ், விண்டோஸின் சொந்த ஃபைலையே வைரஸ் என்று பிடித்துவிட்டது. கம்ப்யூட்டர்கள் அணைந்து அணைந்து எரிந்தன!

2024 ஜூலை 19 அன்று அதைவிடப் பெரிய கூத்து. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட், கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை நீலத் திரையோடு படுக்க வைத்தது. எண்ணிக்கை 85 லட்சம்!

இலவச ஆன்டிவைரஸ் உங்களையே விற்றால்? பயனர்களின் இணைய நடமாட்டத்தை விற்ற விவகாரத்தில் அவாஸ்ட், அமெரிக்காவில் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது!

இணையத்தில் உலவும்போது “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே வாங்குங்கள்!” என்று சிவப்பாக எதுவோ துடிக்கிறதா? இப்படி இல்லாத வைரஸைக் காட்டி 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் காசு பறித்த கூட்டத்தின் வழக்கில், 2012-இல் அமெரிக்க நீதிமன்றம் விதித்த தொகை 16.3 கோடி டாலர்!