சிறிய புல்லி: வரவும் செலவும்

எஞ்சின் முன்புறமுள்ள கிராங்க் புல்லிதான் பெல்ட் மூலம் ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர் போன்றவற்றைச் சுழற்றுகிறது. அதற்குப் பதிலாகச் சிறிய புல்லி போட்டால் இழுவை கூடும், எரிபொருள் மிச்சமாகும் என்று சொல்லக் கேட்கிறோம். சரக்கு வண்டி வைத்திருக்கும் நாம் இதன் வரவு செலவைப் பார்த்துவிடுவோம்.

வரவு: இணைந்த பாகங்கள் மெதுவாகச் சுழல்வதால் எஞ்சின் சுமை சற்றுக் குறையும். ஆனால் அந்தப் பலன் தெரிவது பந்தயக் கார் போல அதிவேகமாகச் சுழலும் எஞ்சினில்தான்.

செலவு: புல்லி 20 சதவீதம் சிறுத்தால், நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றிய ஆல்டர்னேட்டர் 1,600 சுற்றே சுற்றும். கடை கடையாக நின்று சரக்கு இறக்கும் வண்டியில் பேட்டரிக்குப் போதிய சார்ஜ் ஏறாது. வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால், நெரிசலில் எஞ்சின் சூடேறும். பல எஞ்சின்களில் கிராங்க் ஷாப்டின் அதிர்வை அடக்கும் ரப்பர் வளையம் இந்தப் புல்லிக்குள்தான் இருக்கிறது. வளையமில்லாத புல்லி போட்டால் நாளடைவில் ஷாப்டே முறியக்கூடும். வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை இழந்த கதைதான்.

எரிபொருள் மிச்சமாக வேண்டுமா? டயரில் சரியான காற்று, சுத்தமான ஏர் ஃபில்டர், அளவான பாரம் ஆகிய மூன்றையும் கவனித்தாலே போதும். புல்லியை அப்படியே விட்டுவிடுவதே நமக்கு லாபம்.