மட்டி முட்டை காட்டிய வழி



அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம், குளிர்ந்த கடலடி மணலில் புதைந்து வாழ்கிறது சர்ஃப் கிளாம் என்னும் பெரிய மட்டி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோலில் இருக்கும் கடல் உயிரியல் ஆய்வகத்தில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. குளிர்ந்த கடல்நீர்த் தொட்டியில் உயிரோடு வைத்துக் காப்பார்கள். ஓட்டைத் தட்டினால் மட்டி சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். பிளந்தபடியே கிடந்தால் அது செத்துவிட்டது. உடனே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டு மற்றவையும் மடியும்.

எதற்கு இத்தனை கவனம்? முட்டைக்காகத்தான்! ஒரே பெண் மட்டியிடமிருந்து லட்சக்கணக்கில் முட்டைகள் கிடைக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் பெரிய உட்கரு வட்டமாகத் தெளிவாகத் தெரியும். விந்து சேர்ந்த சுமார் 10 நிமிடங்களில் செல் பிரிவதற்கு முன்னோடியாக அந்த வட்டம் மறைந்துவிடும். அத்தனை முட்டைகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்! செல் பிரிவதைப் படிக்க இதைவிட நல்ல பாடம் ஏது?

1982-இல் இதே வுட்ஸ் ஹோலில் டிம் ஹன்ட் என்னும் ஆய்வாளர், கடல் முள்ளெலி முட்டைகளில் ஒரு புரதம் சேர்வதையும், செல் பிரியும்போது அது திடீரென்று அழிவதையும் கண்டார். மட்டி முட்டையிலும் அதே கதைதான். சைக்ளின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதம் 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. நம் உடலின் செல்கள் எப்போது பிரிய வேண்டும் என்பதை நெறிப்படுத்துவதும் சைக்ளின் குடும்பம்தான்.